சர்வர் விழவே இல்ல, டேபிள் மட்டும் காலி

காலைல 6:20க்கு போன். பெங்களூரு பொம்மசந்திரால இருக்கற எங்க பார்சல் ஹப்போட சூப்பர்வைசர், கன்னடத்துல ஆரம்பிச்சு பாதில தமிழுக்கு மாறுவாரு, அன்னிக்கு நேரா தமிழ்லயே, "சார், ராத்திரி ஸ்கேன் ஒண்ணுமே காட்டல, வண்டி லோடு ஏத்தி நிக்குது, கேட் பாஸ் வரமாட்டேங்குது"ன்னாரு. நான் அல்சூர்ல பல்லு விளக்கிட்டே லேப்டாப்ப தொறந்து ஒரு கவுண்ட் போட்டேன். 52 லட்சத்து சொச்சம் வரிசை இருக்க வேண்டிய ஸ்கேன் டேபிள்ல 1,340 தான் இருக்கு. அடிவயிறு கலங்கிடுச்சு, ஏன்னா இது ரெண்டாவது தடவ.

எங்களோடது சின்ன பார்சல் கம்பெனி, பேர் வேணாம். பார்சல் உள்ள வந்தா ஒரு ஸ்கேன், வண்டில ஏறினா ஒரு ஸ்கேன், எல்லாம் கையில புடிக்கிற ஸ்கேனர்லேர்ந்து போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு வரும். உபுண்டு 22.04, போஸ்ட்கிரெஸ் 14, 16 ஜிபி மெமரி, எழுதறதுக்கு ஒரு பிரைமரி சர்வர், பக்கத்துல அதோட நகலா ஒரு ரெப்ளிகா. தினமும் ராத்திரி 1:30க்கு பிரைமரிலேர்ந்து டம்ப், அதாவது டேட்டாவோட ஒரு காப்பி. இவ்வளவுதான் செட்டப், பெரிய ராக்கெட் சயின்ஸ் ஒண்ணும் இல்ல.

மொத தடவ நடந்தது அதுக்கு 23 நாள் முன்னாடி. அப்பவும் இதே டேபிள், இதே மாதிரி காலி. மீட்டிங்ல எல்லாரும் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், யாரோ டெலீட் அடிச்சுட்டாங்க. சர்வர் நடந்தத எழுதி வைக்கற லாக்ல, டேட்டாவ அழிக்கற கமாண்டான டெலீட், ட்ரங்கேட், டிராப்னு தேடினோம், ஒண்ணும் சிக்கல. சிக்காது, ஏன்னா லாக் ஸ்டேட்மென்ட்ங்கற செட்டிங் இயல்பா 'எதுவும் வேணாம்'ங்கற நன் தான், யாரு என்ன கொரி (டேட்டாபேஸுக்கு குடுக்கற கட்டளை) ஓட்டினாங்கன்னு போஸ்ட்கிரெஸ் தானா எழுதி வைக்காது. ஆதாரம் இல்லன்னா சந்தேகம் எப்பவும் கீழ இருக்கறவன் மேலதானே விழும், டீம்ல ஓசூர் பையன் ஒருத்தன், சேர்ந்து ஆறு மாசம், முந்தின நாள் சாயந்திரம் பிரைமரில லாகின் பண்ணியிருந்தான்னு ஒரே காரணத்துக்கு அவனோட எழுதற பெர்மிஷன புடுங்கிட்டாங்க. நான் வாய தொறக்கல. டம்ப்லேர்ந்து டேட்டாவ திருப்பி ஏத்திட்டு, இனிமே எவன் தொட்டாலும் தெரியணும்னு லாக் ஸ்டேட்மென்ட்ட ஆல்னு மாத்தி வச்சேன். அது எவ்வளவு முட்டாள்தனம்னு அப்புறம் தெரிஞ்சுது. சும்மா படிக்கற செலக்ட்லேர்ந்து எல்லாத்தையும் எழுதும், கஸ்டமர் போன் நம்பர் உள்பட எல்லாம் லாக் ஃபைல்ல பச்சையா கிடக்கும், வேணும்னா மாட்னு வச்சாலே போதும், இன்சர்ட் அப்டேட் டெலீட் ட்ரங்கேட்லாம் வந்துடும்.

சரி, ரெண்டாவது தடவைக்கு வரேன். இந்த தடவ லாக் இருக்கே, ஆள புடிச்சிடலாம்னு தெம்பா சர்வர்க்குள்ள போனேன். லாக் ஃபோல்டர்ல சுருக்கி வச்ச பழைய ஜிஜிப் ஃபைல் நாலஞ்சு இருக்கு, இன்னிக்கு ஓடிட்டு இருக்கற ஃபைல மட்டும் காணோம். டேட்டாவையும் காணோம், லாக்கையும் காணோம். இதுக்கு மேல யாருக்கா இருந்தாலும் சதின்னுதான் தோணும். மேனேஜர் போன்ல, "ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணி பாருங்களேன், லாக் எழுத ஆரம்பிச்சிடும்ல?"ங்கறாரு. கமாண்ட் டைப் பண்ணிட்டேன், என்டர் மட்டும் தட்டல.

தட்டாததுக்கு காரணம் ஒரு கணக்கு உதைச்சது. டிஎஃப் போட்டா டிஸ்க்ல 180 ஜிபி யூஸ்னு காட்டுது, டியூ போட்டு ஃபோல்டர் ஃபோல்டரா கூட்டினா 139 தான் வருது. நடுவுல 41 ஜிபி எங்க போச்சு? லினக்ஸ்ல ஒரு ஃபைல அழிச்சாலும் அத ஏதாவது பிராசஸ் (ஓடிட்டிருக்கற புரோகிராம்) தொறந்து வச்சிருந்தா, பேருதான் ஃபோல்டர்லேர்ந்து போகுமே ஒழிய உள்ள இருக்கறது டிஸ்க்ல அப்படியேதான் இருக்கும், அந்த பிராசஸ் பாட்டுக்கு அதுலயே எழுதிக்கிட்டும் இருக்கும். எந்த பிராசஸ் எந்த ஃபைல தொறந்து வச்சிருக்குன்னு காட்டற எல்எஸ்ஓஎஃப் போட்டேன், போஸ்ட்கிரெஸ்ஸோட தாய் பிராசஸ், போஸ்ட்மாஸ்டர்னு சொல்வாங்களே, அதுக்கு நேரா நம்ம லாக் ஃபைல் பேரும் பக்கத்துல டெலீட்டட்னும் இருக்கு. விசாரிச்சா, அஞ்சு நாள் முன்னாடி ராத்திரி டிஸ்க் 90 சதவீதம்னு அலாரம் அடிச்சிருக்கு, நைட் ஷிஃப்ட்ல இருந்தவரு எது பெருசுன்னு பாத்து அந்த லாக்க ஆர்எம் போட்டு அழிச்சிருக்காரு, அப்பவும் டிஸ்க் யூஸ் கொறையலன்னதும் டிஸ்க்க பெருசாக்கிட்டு தூங்கப் போயிட்டாரு. அவரு மேல தப்பு சொல்ல முடியாது, அந்த ஃபைல ஊத வச்சது நான் போட்ட ஆல்.

நான் மட்டும் ரீஸ்டார்ட் தட்டியிருந்தா அந்த 41 ஜிபியும் ஒரே நொடில காத்துல போயிருக்கும். பிராக்னு ஒரு ஃபோல்டர் இருக்குல்ல, அதுக்குள்ள போஸ்ட்மாஸ்டரோட பிராசஸ் நம்பரான பிஐடி, அதுக்குள்ள எஃப்டி, அதுக்குள்ள 2ன்னு ஒரு லிங்க், அதுதான் அந்த செத்துப்போன ஃபைலுக்கு மிச்சம் இருக்கற வாசல். அந்த வழியாவே வார்த்தை தேடற கிரெப் போட்டேன்.

மொதல்ல ஒண்ணும் வரல. வியாழக்கிழமை விடிகாலைன்னு தேதிய வச்சு தேடினேன், அதான் தப்பு. சர்வர் யூடிசிங்கற உலகப் பொது நேரத்துல ஓடுது, லாக் டைம்சோனும் அதே, நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி. வியாழன் விடிகாலை 2:41ன்னா லாக்ல அது புதன் ராத்திரி 21:11. இந்த அஞ்சரை மணி நேர கதைய தெரியாதவன் எங்க ஆபீஸ்ல கிடையாது, தெரிஞ்சும் முக்கா மணி நேரம் அதுலயே போச்சு. தேதிய விட்டுட்டு டெர்மினேட்டட்ங்கற வார்த்தைய போட்டு தேடினதும் வந்து விழுந்துச்சு. சர்வர் பிராசஸ் ஒண்ணு சிக்னல் 9ல செத்துச்சு, கீழயே டீடெய்ல்னு போட்டு சாகும்போது அது ஓட்டிட்டிருந்த கொரி, அடுத்து மத்த எல்லா சர்வர் பிராசஸையும் நிறுத்தறேன்னு ஒரு வரி, டேட்டாபேஸ் ஒழுங்கா ஷட்டவுன் ஆகல ஆட்டோமேட்டிக் ரெகவரி நடக்குதுன்னு ஒரு வரி, ரீடூ ஆரம்பம், ரீடூ முடிஞ்சுது, கனெக்ஷன் வாங்க ரெடி. 21:11:07லேர்ந்து 21:11:16 வரைக்கும், மொத்தமே 9 செகண்ட். இந்த 9 செகண்டுக்குள்ள டெலீட்டும் இல்ல ட்ரங்கேட்டும் இல்ல, அந்த வாரம் பூரா தேடினாலும் அந்த டேபிள் மேல இல்ல.

கெர்னல் லாக்ல அதே நேரத்துக்கு அவுட் ஆஃப் மெமரின்னு ஒரு போஸ்ட்கிரெஸ் பிராசஸ கொன்ன குறிப்பு இருக்கு. மெமரி தீர்ந்துச்சுன்னா லினக்ஸ் யாரையாவது பலி குடுக்கும்ல, அது. ஒரு கனெக்ஷன் இப்படி அகாலமா செத்தா, பொதுவா பங்கு போட்டுக்கற மெமரிய அது அரகொறயா விட்டுட்டு போயிருக்கலாம்னு போஸ்ட்மாஸ்டர் யாரையும் நம்பாது, மிச்ச எல்லாரையும் கொன்னுட்டு ரெகவரி பண்ணி திரும்ப கட்டும். ஆனா போஸ்ட்மாஸ்டர் மட்டும் சாகாது. அதனாலதான் எங்க மானிட்டரிங் டாஷ்போர்டுல சர்வர் 61 நாளா விடாம ஓடுதுன்னு பச்சை கலர்ல இருந்துச்சு, போஸ்ட்மாஸ்டர் ஸ்டார்ட் டைம்னு கேட்டாலும் 61 நாள் முன்னாடி தேதியதான் சொல்லுது, போர்ட் தொறந்திருக்கான்னு நிமிஷத்துக்கு ஒரு தடவ பாக்கற செக்கும் அந்த 9 செகண்ட நழுவ விட்டுடுச்சு. ஓடற பிராசஸ காட்டற பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டில, போஸ்ட்மாஸ்டரோட புள்ள பிராசஸ்ல ஒண்ணான செக்பாயிண்டர் எப்போ பொறந்துச்சுன்னு பாத்திருந்தா மொத நிமிஷமே தெரிஞ்சிருக்கும். அப்பன் பொறந்து 61 நாள், புள்ளைங்க எல்லாம் இன்னிக்கு விடிகாலை 2:41க்கு பொறந்திருக்கு.

இதோட கேஸ் முடிஞ்சுதுன்னு நெனச்சீங்கன்னா இல்ல, இங்கதான் எனக்கு நிஜமாவே மண்டை காஞ்சுது. கிராஷ் ஆனா டேட்டா போகக்கூடாதுங்கறதுக்காகத்தானே போஸ்ட்கிரெஸ்! செட்டியார் கடைல நாள்வழி, பேரேடுன்னு ரெண்டு நோட்டு இருக்கும் பாருங்க, வரவு செலவு எதுவா இருந்தாலும் மொதல்ல நாள்வழில ஒரு வரி, அப்புறம் சாவகாசமா பேரேட்டுல ஏத்துவாங்க. போஸ்ட்கிரெஸ்ல டேபிள் ஃபைல்தான் பேரேடு, வால்னு சொல்ற ரைட் அஹெட் லாக்தான் நாள்வழி. கிராஷ் ஆச்சுன்னா நாள்வழில கடைசியா பேரேட்டுக்கு ஏத்தி முடிச்ச எடத்துலேர்ந்து (செக்பாயிண்ட்) படிச்சு பேரேட்ட சரி பண்ணிக்கும், ரீடூங்கறது அதான். (இந்த நாள்வழி இருக்கற ஃபோல்டருக்கு முன்னாடி பிஜி எக்ஸ்லாக்னு பேரு, லாக்னு இருக்கே குப்பைன்னு நெனச்சு இடம் பத்தலன்னா ஆளுங்க அத அழிச்சு டேட்டாபேஸையே சாகடிச்ச கதை ஏகப்பட்டது, அதனாலதான் 2017ல வந்த 10ஆம் வெர்ஷன்ல பிஜி வால்னு பேர மாத்தினாங்க.) நாள்வழி ஒழுங்கா இருக்கு, நாங்க பாத்த மத்த டேபிள்ல ஒரு வரிகூட போகல, இது மட்டும் ஏன் துடைச்சு விட்ட மாதிரி காலி?

இன்னொரு விஷயமும் இடிச்சுது. மிச்சம் இருந்த 1,340 வரிசைலயே சின்ன ஐடி 52 லட்சத்துக்கு மேல. அதாவது டேட்டா போச்சு, ஆனா நம்பர் போடற சீக்வென்ஸ் விட்ட எடத்துலேர்ந்து தொடருது. பாதில ரத்தான எழுத்தா, அதாவது ரோல்பேக்கா இருக்குமோன்னும் யோசிச்சோம், ரோல்பேக் ஆன இன்சர்ட்கூட லாக்ல வரும், சீக்வென்ஸ் நம்பரும் திரும்பாதுதான். ஆனா ரோல்பேக்னா அங்கொண்ணு இங்கொண்ணு ஓட்டை விழும், நேத்து வரைக்கும் ரிப்போர்ட்ல வந்த 52 லட்சம் எங்க போகும்?

அப்போதான் மேனேஜர் சும்மா ஒரு கேள்வி கேட்டாரு, "ரெப்ளிகால இருக்கும்ல, அங்கேர்ந்து எடுத்துடலாமே?" கிராஷுக்கு அப்புறம் மாறினது அங்கயும் போயிருக்கும், அதனால எனக்கு நம்பிக்கை இல்ல, இருந்தாலும் ஒரு செலக்ட் போட்டேன். வந்த எரர், ரெகவரி நடக்கும்போது டெம்பரரி இல்லன்னா அன்லாக்டு ரிலேஷன தொட முடியாதுன்னு. நான் ஸ்கிரீனையே பாத்துட்டு உக்காந்திருக்கேன், ஓசூர் தம்பி பின்னாடிலேர்ந்து எட்டிப் பாத்துட்டு மெதுவா சொல்றான், "அண்ணா, இந்த எரர் எனக்கு ஒரு மாசம் முன்னாடியே வந்துச்சுண்ணா. நைட் ரிப்போர்ட்ட ரெப்ளிகால ஓட்ட சொன்னாங்கல்ல, அப்போ. சீனியர்ட்ட காட்டினேன், அது ரெப்ளிகா பிரச்சனை, பேசாம பிரைமரில ஓட்டுன்னாரு."

"எந்த சீனியர்டா?"

"நீங்கதாண்ணா."

சத்தியமா எனக்கு ஞாபகம் இல்ல. சாட்ல தேடிப் பாத்தேன், இருக்கு. ஒரு கட்டைவிரல் பொம்மையோட.

அன்லாக்டு டேபிள்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: 9.1 வெர்ஷன்லேர்ந்து இருக்கற வசதி, இந்த டேபிளுக்கு நாள்வழி எழுதாதன்னு சொல்லி உருவாக்கறது. எழுதற வேலை கொறையும், வேகமா ஓடும். ஆனா நாள்வழி இல்லாத பேரேட்ட கிராஷுக்கு அப்புறம் எப்படி நம்பறது? நம்பாது, ரெகவரில அந்த டேபிள போஸ்ட்கிரெஸ்ஸே சுத்தமா காலி பண்ணிடும். இது பக் இல்ல, வாக்குறுதியே அதுதான். ரெப்ளிகாவுக்கு போறதும் நாள்வழிதான்ங்கறதால அங்கயும் டேட்டா இருக்காது. ஒழுங்கா ஷட்டவுன் பண்ணினா மட்டும் பத்திரமா இருக்கும், அதனாலதான் நடுவுல ரெண்டு தடவ மெயின்டனன்ஸுக்கு ரீஸ்டார்ட் பண்ணப்ப எங்களுக்கு ஒண்ணும் தெரியல. 14ல சீக்வென்ஸ் எப்பவும் நாள்வழில வர்றதால நம்பர் மட்டும் பொழைச்சுக்கிச்சு. பிஎஸ்க்யூஎல்ங்கற கமாண்ட் கருவில, டேபிள விவரிக்கற டி ஒண்ணு போட்டிருந்தா தலைப்புலயே அன்லாக்டு டேபிள்னு இருக்கும், எட்டு மாசத்துல அந்த டேபிள நூறு தடவயாவது விவரிச்சு பாத்திருப்போம், காலம் பேர பாப்போமே தவிர தலைப்ப யாரு படிக்கறா.

எப்படி வந்துச்சுன்னு தோண்டினா, எட்டு மாசம் முன்னாடி பழைய டேபிள புது வடிவத்துக்கு மாத்தினோம். ஸ்க்ரிப்ட்ல புது டேபிள அன்லாக்டா உருவாக்கி, மொத்தத்தையும் காப்பி பண்ணி, இன்டெக்ஸ் போட்டு, ரெண்டு பேரையும் மாத்தி விட்டிருக்கோம். மொத்தமா ஏத்தறப்ப அன்லாக்டு வச்சுக்கறது தப்பே இல்ல, நல்ல பழக்கம்தான். கடைசில, திரும்ப நாள்வழி எழுத வைக்கற செட் லாக்டுன்னு ஒரு வரி ஓட்டணும், அது டேபிள மொத்தமா பூட்டி முழுசா திருப்பி எழுதும், ஹப் 24 மணி நேரமும் ஓடுது, அதனால கமெண்ட்ல ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்னு எழுதியிருக்கு. எத்தன ஞாயிறு போச்சு பாருங்க. பேரு மாத்தினா குணம் மாறாது, அன்லாக்டாவே ப்ரொடக்ஷன்ல உக்காந்துக்கிச்சு. அந்த ஸ்க்ரிப்ட்ட ரிவ்யூ பண்ணி ஓகே போட்டதும் அடியேன்தான்.

இப்போ மொத்தத்தையும் கோத்துப் பாருங்க, எனக்கு இன்னும் ஆறல. டேபிள் அன்லாக்டா இருக்கு, அதனால ரெப்ளிகா ரிப்போர்ட் ஓட்ட மறுக்குது, நான் ரிப்போர்ட்ட பிரைமரிக்கு தள்ளினேன், அந்த ரிப்போர்ட் பிரைமரியோட மெமரிய குடிச்சுது, லினக்ஸ் அத கொன்னுச்சு, ரெகவரி வந்து அன்லாக்டு டேபிள துடைச்சுது. ரெப்ளிகா ஒண்ணுதான் எங்ககிட்ட உண்மைய சொல்லிச்சு.

மெமரி கணக்கு சீக்கிரம் சொல்லிடறேன். ஒரு வேலைக்கு எவ்வளவு மெமரி எடுக்கலாம்ங்கற வொர்க் மெம் செட்டிங் இயல்பா 4 எம்பி, யாரோ 256ன்னு வச்சிருந்தாங்க. அது கொரிக்கு இவ்வளவுன்னு இல்ல, கொரிக்குள்ள இருக்கற வரிசைப்படுத்தற ஒவ்வொரு சார்ட்டுக்கும், பொருத்திப் பாக்கற ஒவ்வொரு ஹேஷுக்கும் தனித்தனியா, பேரலல் வொர்க்கர் இருந்தா அதுக்கும் தனியா. அந்த ரிப்போர்ட்ல அப்படி 9 இருக்கு, ரெண்டு வொர்க்கர், மெயினோட சேர்த்து மூணு பிராசஸ், 3 பெருக்கல் 9 பெருக்கல் 256, கிட்டத்தட்ட 7 ஜிபி. எல்லாரும் பங்கு போட்டுக்கற ஷேர்டு பஃபருக்கு ஏற்கெனவே 4 ஜிபி, மத்த கனெக்ஷன் வேற. மாசத்துல சில நாள் ரெண்டு ரிப்போர்ட் ஒண்ணா விழும், அந்த நாள்தான் சாவு.

திருப்பி ஏத்தறதுல ஒரு நல்ல விஷயம் நடந்துச்சு. இதே மாதிரி மாட்டினவங்களுக்கு சொல்றேன், டேட்டாவ ஏத்தறதுக்கு முன்னாடியே செட் லாக்டு ஓட்டிடுங்க. எட்டு மாசமா நேரம் இல்லன்னு தள்ளின வேலை, டேபிள்ல 1,340 வரிசைதான் இருந்ததால ஒரு செகண்டுக்குள்ள முடிஞ்சுது. மொத தடவ நாங்க அத பண்ணாம அன்லாக்டுக்குள்ளயே திருப்பி கொட்டி வச்சிருந்தோம். அப்புறம் 1:30 டம்ப ஏத்தினோம், 1:30லேர்ந்து 2:41 வரைக்கும் உள்ள 71 நிமிஷத்துக்கு ஸ்கேனர்கள்லயே ஏழு நாள் டேட்டா தங்கும், அத திரும்ப அனுப்ப வச்சோம். 11 ஸ்கேன் மட்டும் வரல, அந்த ஸ்கேனர யாரோ அன்னிக்கு காலைலதான் ரீசெட் பண்ணியிருக்காங்க, அந்த 11 பார்சலையும் ஹப்ல கையால எண்ணினாங்க. மத்தியானம் ஒண்ணரைக்கு கடைசி வண்டி கெளம்புச்சு.

டம்ப் பத்தி நெனச்சா இப்பவும் சிலிர்க்குது. பிரைமரிக்கு பாரம் கொறையட்டும்னு அடுத்த வாரத்துலேர்ந்து டம்ப ரெப்ளிகாலேர்ந்து எடுக்கறதா பிளான் போட்டு டிக்கெட்டும் போட்டாச்சு. ரெப்ளிகாலேர்ந்து எடுத்தா, டம்ப் எடுக்கற பிஜி டம்ப் அன்லாக்டு டேபிளோட டேட்டாவ சத்தமே இல்லாம விட்டுட்டு எடுக்கும், எரர்கூட வராது. ஒரு வாரம் தள்ளி இது நடந்திருந்தா நான் இத எழுதிட்டு இருக்க மாட்டேன், மடிவாளால பஸ் ஏறி ஊருக்கு போயிருப்பேன்.

அப்புறம் மாத்தினதுல முக்கியமானது மட்டும். ரிப்போர்ட் ரெப்ளிகாவுக்கு திரும்பிடுச்சு, இப்போ அது மறுக்கல. வொர்க் மெம் 16, ரிப்போர்ட் ரோலுக்கு மட்டும் 64. இருக்கறதுக்கு மேல மெமரி வாக்கு குடுக்கறதுக்கு லினக்ஸ்ல ஓவர்கமிட்னு பேரு, அத 2ன்னு வச்சு தடுத்தோம், இனிமே மெமரி பத்தலன்னா அந்த கொரிக்கு மட்டும் எரர் வரும், யாரையும் கொல்ல வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. லாக் டைம்சோன ஏஷியா கொல்கத்தா ஆக்கினேன், இதுக்கு மட்டும் டீம்ல சண்டை, யூடிசிதான் முறைன்னு ரெண்டு பேரு, வாஸ்தவம்தான், ஆனா விடிகாலைல போன் வந்து கண்ணு எரியற மனுஷன் அஞ்சரைய கழிக்க வேணாம்ங்கறது என் கட்சி. லாக்ல டெர்மினேட்டட் பை சிக்னல்னு வந்தா உடனே போன் அடிக்கும். தினம் காலைல பிஜி கிளாஸ்ல ரெல்பெர்சிஸ்டன்ஸ் யூன்னு, அதாவது அன்லாக்டா, இருக்கற டேபிள் லிஸ்ட் மெயில்ல வரும், மொத நாள் ஓட்டினப்ப இன்னும் ரெண்டு டேபிள் சிக்குச்சு, அதுல ஒண்ணு பில்லிங்.

சாயந்திரம் ரிப்போர்ட் எழுத உக்காந்தப்பதான் தோணுச்சு, அந்த மொத தடவ? பழைய லாக்க சுருக்கி ஒதுக்கற லாக்ரொட்டேட் வாராவாரம் சுத்தி பத்து வாரத்துக்கு வச்சிருக்கும், அந்த 23 நாள் பழைய ஜிஜிப் ஃபோல்டர்லயே இருக்கு. சுருக்கின ஃபைலுக்குள்ளயே தேடற ஸீகிரெப் போட்டேன். அதே வரிங்க, சிக்னல் 9, ஆட்டோமேட்டிக் ரெகவரி, ரெடி. அன்னிக்கு 11 செகண்ட். அன்னிக்கே கண்ணு முன்னாடிதான் இருந்திருக்கு, நாங்க டெலீட் டெலீட்னு தேடிட்டு இருந்திருக்கோம்.

தம்பிய கூப்பிட்டு ஸ்கிரீன திருப்பி காட்டினேன். படிச்சான், ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "அந்த பெர்மிஷன் டிக்கெட் இன்னும் ஓப்பன்லதாண்ணா இருக்கு, உங்க அப்ரூவலுக்கு"ன்னான். அப்ரூவ் பண்ணிட்டு, ரிப்போர்ட்ல மூல காரணம்ங்கற எடத்துல என் பேரையும் அந்த சாட் வந்த தேதியையும் எழுதி மேனேஜருக்கு அனுப்பிட்டு, கீழ போயி ஆளுக்கொரு காபி குடிச்சோம். காசு அவன்தான் குடுத்தான், நான் வேணாம்னு சொல்லியும் கேக்கல.